சாட்ஸ்வொர்த் சரிவில் ஒரு கற்றாழை நர்சரி

இந்த நர்சரிக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் தென்மேற்கே, சாட்ஸ்வொர்த்தின் மேடும் பள்ளமுமான தெருக்களில் ஒன்றில், ஒரு வீட்டின் பின்முற்றமே கடையாக இருக்கிறது. சனிக்கிழமை காலையில் மட்டும் இரும்புக் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். வீடும் கடையும் ஒன்றாக இருப்பதால் தெருப் பெயரையும் கதவு எண்ணையும் இங்கே எழுதவில்லை. அந்தப் பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் கற்றாழைத் தாத்தா வீடு என்று கையைக் காட்டிவிடுவார்கள். எனக்கும் அவர் தாத்தாதான், அவருடைய மனைவி ஆயாதான். மூன்று ஆண்டுகளில் இங்கே பதினொரு தொட்டிச் செடிகள் வாங்கியிருக்கிறேன். ஒன்பது உயிரோடு இருக்கின்றன. இறந்த இரண்டில் ஒன்றுக்கு நான் பொறுப்பு, மற்றொன்றுக்கு அவர் பொறுப்பு என்று இருவரும் ஒப்புக்கொண்டுவிட்டோம்.

இவர்களிடம் போவதற்கு முன்பு நான் கற்றாழை வாங்கியது ஒரு பெரிய தோட்டக் கடையில். செடி பார்க்க அழகாக இருந்தது. மடல்கள் தடித்து, நல்ல பச்சையாக, வெள்ளைப் பீங்கான் தொட்டிக்குள் வைத்துத் தந்தார்கள். முழு வெயில், குறைந்த நீர், பராமரிப்பே வேண்டாம் என்று அட்டையில் எழுதியிருந்தது. ஐந்தாம் மாதத்தில் அடிமடல்கள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிபோல் நிறம் வெளுத்துச் சரிந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். ஒரு நாள் நடுக்குருத்தைப் பிடித்துத் தூக்கியபோது செடி முழுதும் வேரை விட்டுக் கையோடு வந்துவிட்டது. அடித்தண்டு பழைய சோறுபோல் குழைந்து, அதற்கேற்ற நாற்றத்தோடு இருந்தது. தொட்டியைக் கவிழ்த்தேன். வெளிப்புறத்தில் கருப்பு நிறக் கலவை. அதற்கு நடுவில், நாற்றுத் தட்டிலிருந்து அப்படியே பெயர்த்து வைத்த, கைமுட்டி அளவுள்ள ஒரு பீட் உருண்டை (பீட் என்பது சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி). அதைப் பிழிந்தால் நீர் சொட்டியது. பீங்கான் தொட்டியின் அடியிலோ ஓட்டையே இல்லை. அட்டையில் எழுதியிருந்த ஒவ்வொரு வரியையும் நான் பின்பற்றியிருந்தேன்; செடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைப் பற்றி மட்டும் அந்த அட்டையில் ஒரு வரியும் இல்லை.

அன்றிலிருந்து எந்த நர்சரியையும் நான் ஒரே அளவுகோலால்தான் எடைபோடுகிறேன். மேலே தெரியும் செடியை அல்ல, அதற்கு அடியில் அவர்கள் எதைப் போட்டிருக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கிறேன். இந்த மதிப்புரையும் பெரும்பாலும் மண்ணையும் தொட்டியையும் பற்றியதாக இருக்கும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

சாட்ஸ்வொர்த் தாத்தாவிடம் முதல் முறை போனபோது, எந்தச் செடி வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. "வீட்டுல வெயில் எந்தப் பக்கம் வருது, தம்பி?" என்றுதான் கேட்டார். அவருடைய தமிழ் நின்று நின்று வரும். பாதி வாக்கியத்தில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் தமிழில் சுத்தமாக வந்தது. நான் பதில் தெரியாமல் விழித்தேன். திருநெல்வேலியிலிருந்து வந்தவனுக்குத் தெற்குச் சுவர்தான் வெயில் சுவர். இங்கே பூமத்தியரேகைக்குக் கீழே, ஏறத்தாழ 30 பாகை தெற்கில் இருக்கிறோம். சூரியன் வடக்கில் நடக்கிறது. தெற்குப் பார்த்த பால்கனியில் கற்றாழையை வைத்துவிட்டு, ஊரில் அம்மா சொன்னபடி செய்தும் குச்சிபோல் நீண்டு வெளிறிப் போகிறதே என்று வருந்துகிறவர்கள் எங்கள் குடியிருப்பிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

எங்கள் பால்கனி வடக்குப் பார்த்தது என்று நான் ஒருவழியாகக் கண்டுபிடித்துச் சொன்னதும், மாடியில் கூரை நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று அடுத்த கேள்வி வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அதன் பொருள் விளங்கியது. டிசம்பரில் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே நிற்பதால், மேல்மாடியின் தளம் வடக்குப் பால்கனிக்கு நிழல் தந்துவிடுகிறது. ஜூனிலோ சூரியன் வடக்கே தாழ்ந்து, 37 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. அப்போது வெயில் பால்கனியின் உட்சுவர் வரை நீளும். கோடையில் நடுப்பகல் நிழல், குளிர்காலத்தில் நாள் முழுக்க வெயில் என்பது தொட்டிக் கற்றாழை கேட்டு வாங்கியதுபோன்ற இடம். பயப்பட வேண்டியது மேற்குச் சுவரைத்தான். தை மாதத்துப் பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே வரும் சாய்வெயில் கட்டடத்தையும் சேர்த்துச் சுடும்.

மாதங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் இணையத்தில் கிடைக்கும் தோட்டக் குறிப்புகள் எல்லாம் சித்திரை வெயிலையும் கத்திரியையும் வைத்து எழுதப்பட்டவை. இங்கே சித்திரை பிறக்கும்போது இலையுதிர்காலம் தொடங்கிவிடுகிறது. மார்கழி, தை, மாசிதான் புழுக்கம், மழை, வெயில் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த காலம். ஆடியில் மாரியம்மன் கோயில்களில் கஞ்சி ஊற்றும் நாட்களில் வானம் வறண்டு, மலைச்சரிவுகளில் காட்டுக் கற்றாழைகள் செம்மஞ்சள் கதிர்களாகப் பூத்து நிற்கும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன பழமொழியை இந்த ஊர்க் கற்றாழைக்குச் சொன்னால் கேலியாகிவிடும். தாத்தா வீட்டில் ஆறு மாதம் தள்ளிப் பார்க்கும் இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை; நாலைந்து தலைமுறையாக அவர்களுடைய நாட்காட்டியே அப்படித்தான் இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த ட்ரூரோ கப்பலுக்குப் பிறகு கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தம் முடித்தவர்களில் பலர் இங்கே காய்கறித் தோட்டம் போட்டுத்தான் பிழைத்தார்கள். மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்கிற பழக்கம் அங்கிருந்து வந்ததாக இருக்கலாம்.

முற்றத்தில் செடிகள் மூன்று வரிசையாக இருக்கின்றன. சுவரோரத்தில் நிழல்வலைக்குக் கீழே புதிதாகப் பிரித்த கன்றுகள். நடுவில் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் ஓரளவு வளர்ந்தவை. கடைசியில் திறந்த வெளியில், வெயிலில் நின்று பழகியவை. விற்பனை மூன்றாம் வரிசையிலிருந்து மட்டும்தான். முதல் வரிசையில் இருந்த ஒரு கொழுத்த பச்சைச் செடியைக் காட்டி நான் கேட்டபோது ஆயா தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அது நிழலில் வளர்ந்த பச்சை, நேரே வெயிலில் வைத்தால் ஒரே வாரத்தில் வெந்துவிடும் என்றார். விற்க மறுக்கும் கடையை நான் இந்த ஊரில் வேறெங்கும் பார்க்கவில்லை.

அவர் சொன்னது சரிதான். நிழலிலிருந்து வெயிலுக்கு மாற்றும் கற்றாழையைப் பத்து முதல் பதினான்கு நாட்கள் வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். அப்போது மடல்கள் செம்பழுப்பாகச் சிவக்கும். அது செடி தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் நிறம், பயப்பட வேண்டியதில்லை, நிழல் கிடைத்தால் மறுபடியும் பச்சையாகும். பயப்பட வேண்டியது வைக்கோல் நிறத்தில், காய்ந்த காகிதம்போல் விழும் திட்டுகளைப் பார்த்துத்தான். அவை வெந்த இடங்கள். அந்த மடல் உதிரும் வரை அந்தத் தழும்பு மாறாது. மூன்றாம் வரிசைச் செடிகள் எல்லாமே சற்றுச் சிவந்து, மெலிந்து, கடைக்கண்ணுக்கு ஏழைகளைப்போலத்தான் தெரிகின்றன. புதிதாக வருகிறவர்கள் முகம் சுளிப்பதையும் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு அவைதான் நிற்கின்றன.

இனி மண். இங்கே கலவையைச் சிமெண்ட் தொட்டி ஒன்றில் மண்வெட்டியால் புரட்டித் தயாரிக்கிறார்கள்: ஒரு பங்கு மட்கிய இலைக்குப்பை, ஒரு பங்கு பருமணல், ஒரு பங்கு உடைத்த செங்கல். செங்கல் துண்டுகள் உளுந்துக்கும் கொண்டைக்கடலைக்கும் இடைப்பட்ட அளவு. தூளைச் சல்லடையில் சலித்து நீக்கிவிடுகிறார்கள், அது முக்கியம், ஏனென்றால் செங்கல் தூள் மணலின் இடுக்குகளை அடைத்து மொத்தத்தையும் களிமண்ணாக்கிவிடும். டர்பன் மேடுகளில் இயற்கையாகக் கிடைக்கும், பெரியா (Berea) எனப்படும் செம்மணலை அவர்கள் சேர்ப்பதில்லை. பார்க்க மணல்போல இருந்தாலும் அதில் களி கலந்திருக்கிறது, நனைந்தால் இறுகிக்கொள்ளும். கடற்கரை மணலையும் உப்பு காரணமாகத் தொடுவதில்லை. நான் வாங்கிய தொட்டியில் ஒரு குவளை நீரை ஊற்றினேன். மேலே தேங்கவே இல்லை. மனத்துக்குள் பத்து எண்ணுவதற்குள் அடியில் ஒழுகத் தொடங்கியது. பெரிய கடையில் வாங்கிய கலவையில் அதே சோதனையைச் செய்தபோது, முதலில் நீர் மேலேயே குளம்போல நின்றது. பிறகு காய்ந்து சுருங்கிய பீட்டுக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் இறங்கி வெளியே போய்விட்டது. வேர் இருந்த நடுப்பகுதி நனையவே இல்லை. பீட்டின் குணமே அதுதான்: முழுதும் காய்ந்தால் நீரை ஏற்காது, நனைந்துவிட்டால் நீரை விடாது. இரண்டுமே கற்றாழைக்குக் கேடு.

இங்கே எனக்கும் தாத்தாவுக்கும் ஒரு தீராத வழக்கு உண்டு. எல்லாத் தொட்டியிலும் அடியில் மூன்று விரற்கடை உயரத்துக்குக் கூழாங்கல் போட்டு, அதன்மேல்தான் கலவையைக் கொட்டுகிறார். நீர் வடிவதற்காக என்கிறார். நம் ஊரிலும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் நுண்ணிய மண்ணுக்குக் கீழே பருத்த கல் இருந்தால், மண் முழுதும் ஊறி நிரம்பும் வரை நீர் கல்லுக்குள் இறங்காமல் மண்ணின் அடிவிளிம்பிலேயே தொங்கி நிற்கும். கல் அடுக்கு வடிகாலாவதற்குப் பதிலாக, ஈரம் நிற்கும் மட்டத்தை வேருக்கு அருகே உயர்த்திவிடுகிறது. தொட்டியின் ஆழமும் வீணாகிறது. அடி ஓட்டையில் ஒரு ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் அதே கலவையை நிரப்பினால் போதும். அவருடைய கலவை அவ்வளவு தளர்வாக இருப்பதால் கூழாங்கல் இருந்தும் செடிகள் பிழைக்கின்றன என்பது என் கருத்து; கூழாங்கல்லால்தான் பிழைக்கின்றன என்பது அவருடைய கருத்து. நான் வாங்கும் தொட்டிகளை மட்டும் இப்போது கல் இல்லாமல் நிரப்பித் தருகிறார், தலையை ஆட்டிக்கொண்டே.

தொட்டிகளில் அவர் தருவது மெருகு பூசாத சுட்ட மண்தொட்டி. அதன் பக்கச்சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகிப் போகும். வெயிலில் வைத்தாலும் நம் மண்பானைபோலத் தன்னைச் சற்றுக் குளிர்வித்துக்கொள்ளும். கருப்பு பிளாஸ்டிக் தொட்டி இதற்கு நேர்மாறு. ஜனவரியில் ஒரு பிற்பகல், மேற்குக் கைப்பிடிச் சுவரோரம் தவறுதலாக விட்டிருந்த கருப்புத் தொட்டியைத் தூக்கப் போய், சூடு தாங்காமல் கையை எடுத்துவிட்டேன். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தபோது, வெயில் பட்ட பக்கத்து மண் குளிக்க ஊற்றும் வெந்நீரைவிடச் சூடாக இருந்தது. மறுவாரம் செடியைப் பெயர்த்தபோது அந்தப் பக்கத்து வேர்கள் மட்டும் பழுப்பாகிச் சுருண்டிருந்தன. வெயில் தாங்கும் செடி என்று சொல்வது மடலுக்குப் பொருந்தும். தரைக்கு அடியில் இருக்கப் பிறந்த வேர் வெயிலையே பார்த்ததில்லை. பிளாஸ்டிக் தொட்டிதான் இருக்கிறது என்றால், அதை இன்னும் பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி வைப்பது நல்ல தந்திரம். நடுவில் இருக்கும் காற்று சூட்டைத் தடுக்கும். சிமெண்ட் தரையில் நேரே வைக்காமல் இரண்டு செங்கல் துண்டுகளின் மேல் வைத்தால் அடியும் சுடாது, ஓட்டையும் அடைபடாது.

மண்தொட்டிகளில் ஒரு குறை சொல்ல வேண்டும். சுடுவது எங்கேயோ, வருவது எங்கிருந்தோ, தரம் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆறு தொட்டிகளில் ஒன்றில் மயிரிழை விரிசல் இருந்தது. இரண்டில் ஓட்டை சுண்டுவிரல் நுனிகூட நுழையாத அளவு. விரலால் சுண்டிப் பார்த்து, மணிபோல் ஓசை வந்தால் மட்டும் வாங்குங்கள். சில மாதங்களில் வெளிப்புறத்தில் வெள்ளையாக உப்புப் படியும். அது குறையல்ல, நீரிலும் உரத்திலும் உள்ள உப்பு சுவர் வழியாக வெளியேறுவதன் அடையாளம். தூரிகையால் தேய்த்தால் போய்விடும்.

நீர் ஊற்றுவதைப் பற்றி இவர்கள் எழுதித் தருவது ஒன்றுமில்லை. தாத்தா செய்வது ஒரு செயல்விளக்கம். அப்போதுதான் நீர் ஊற்றிய தொட்டியை ஒரு கையிலும், காய்ந்த தொட்டியை இன்னொரு கையிலும் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறார். அந்த எடை வித்தியாசம் ஒரு முறை கைக்குப் பழகிவிட்டால் நாட்காட்டி தேவையில்லை. ஊற்றும்போது அடியில் ஒழுகும் வரை ஊற்ற வேண்டும். பிறகு மேல்மண் இரண்டு விரற்கடைக்கு மேல் காயும் வரை தொடக்கூடாது. தட்டில் நீர் நிற்கக்கூடாது. என் அனுபவத்தில், மண்தொட்டியில் மழைபடாத பால்கனிச் செடிக்குக் கோடையில் எட்டு அல்லது பத்து நாளுக்கு ஒரு முறை போதும். குளிர்காலத்தில் மூன்று வாரம், சில சமயம் நான்கு வாரம். மழைபடும் இடத்தில் இருக்கும் தொட்டிக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஒரு சொட்டுகூட நான் ஊற்றுவதில்லை. டர்பனின் ஆண்டு மழை 1000 மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் கணிசமான பங்கு இந்தப் புழுக்க மாதங்களிலேயே கொட்டிவிடும். குருத்தின் குழியில் தேங்கும் நீரையும் சாய்த்துவிட வேண்டும். அது நின்றால் அழுகல் மேலிருந்து தொடங்கும்.

இதற்கு ஒரு விலக்கு பெர்க் காற்று. ஆகஸ்ட், செப்டம்பரில் உள்நாட்டு மேட்டு நிலத்திலிருந்து கடலை நோக்கி இறங்கும் இந்த உலர்காற்று, குளிர் முழுதும் விலகும் முன்பே ஒரே நாளில் வெப்பத்தை 30 பாகைக்கு மேல் தூக்கிவிடும். அடுத்த நாளே கடற்காற்று வந்து எல்லாம் குளிர்ந்துவிடும். அந்த ஒரு நாளில் மடல்கள் உள்நோக்கிக் குவிந்து மெலிவதைப் பார்த்துப் பதறி நான் ஊற்றிய நீர்தான், ஆரம்பத்தில் சொன்ன இரண்டு சாவுகளில் என் பங்கு. கற்றாழை பகலில் தன் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கிறது. ஒரு நாள் வறட்சி அதற்குப் பொருட்டே இல்லை. காற்று நின்ற பிறகு இரண்டு நாள் பொறுத்திருந்தால் தானே நிமிர்ந்திருக்கும்.

இந்தக் கடையின் பெரிய குறை பெயர்களில் இருக்கிறது. சோற்றுக் கற்றாழை என்று சொல்லி அவர்கள் தந்த மூன்று செடிகளில் ஒன்று சோற்றுக் கற்றாழையே அல்ல. இளம் கன்றில் இரண்டுக்கும் வெள்ளைப் புள்ளிகள் இருப்பதால் எனக்கும் தெரியவில்லை. ஓராண்டில் மற்ற இரண்டும் சாம்பல் பச்சையாகி, புள்ளிகளை இழந்து, மடல்களை மேல்நோக்கி நிமிர்த்தின. மூன்றாவது மட்டும் தரையோடு படர்ந்து, புள்ளிகளை இன்னும் அடர்த்தியாக்கிக்கொண்டு, மடல் நுனிகளைக் காயவிட்டது. பூத்தபோது குட்டு உடைந்தது. சோற்றுக் கற்றாழையின் பூ நீண்ட கதிரில் மஞ்சளாக வரும். இதுவோ குடை விரித்ததுபோல் தலை தட்டையான செம்மஞ்சள் கொத்து. அது அலோ மாகுலாட்டா, இந்நாட்டின் சோப்புக் கற்றாழை. மடலை வெட்டி நீரில் தேய்த்தேன், நுரை வந்தது. தாத்தாவிடம் சொன்னபோது, எல்லாம் ஒரே சாதிதானே என்று சிரித்தார். அழகுக்கு வளர்ப்பவர்களுக்கு அது சரி. சோற்றை எடுத்து முகத்துக்கும் தலைக்கும் தேய்க்கவும் மோரில் போட்டுக் குடிக்கவும் வாங்குகிற நம்மவர்களுக்கு அது சரியல்ல.

உண்மையான சோற்றுக் கற்றாழை ஆனாலும் தோலுக்கு அடியில் ஊறும் மஞ்சள் பால் கசப்பானது, வயிற்றைக் கலக்கும். மடலை வெட்டிச் சிறிது நேரம் செங்குத்தாக நிறுத்தி அதை வடியவிட்டு, பிறகு நன்றாகக் கழுவித்தான் எடுக்க வேண்டும். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் கடிக்காத உயரத்தில் வையுங்கள். இங்கே விற்கும் அலோ ஃபெராக்ஸ் என்ற முள் நிறைந்த பெரிய கற்றாழையில் அந்தப் பாலே முதன்மைச் சரக்கு. மேற்குக் கேப் மாநிலத்தின் ஆல்பர்டினியா பக்கத்தில் அதன் மடல்களை வெட்டி, தரையில் தோண்டிய குழியைச் சுற்றி வட்டமாக அடுக்கி, வடியும் பாலைச் சேர்த்துக் காய்ச்சிக் கட்டியாக்குகிறார்கள். நம் நாட்டு மருந்துக் கடையில் கரியபோளம் என்று கேட்டு வாங்குவதும் இதே வகைச் சரக்குதான். குழந்தைக்குத் தாய்ப்பால் மறக்கடிக்க அதைக் குழைத்துத் தடவிய கைகளை என் ஊரில் பார்த்திருக்கிறேன். அந்தக் கசப்பின் இன்னொரு தாய்நாட்டில் வந்து குடியிருக்கிறேன் என்பது இந்த முற்றத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

சோற்றுக் கற்றாழை தென்னாப்பிரிக்காவுக்கும் வெளியூர்ச் செடிதான், அதன் பூர்வீகம் அரேபியத் தீபகற்பம். அதனால்தானோ என்னவோ, டர்பனின் ஈரப்புழுக்கத்தில் அதைவிட இந்த ஊர்ச் செடியே எளிதாக வளர்கிறது. சுலு மொழியில் இன்கலானே எனப்படும் அலோ ஆர்போரெசென்ஸ், முன்பு கால்நடைப் பட்டிகளுக்கு உயிர்வேலியாக நடப்பட்டது, நம் ஊரில் ரயில் பாதையோரம் நிற்கும் ரயில் கற்றாழைபோல. தொட்டியிலும் நன்றாக வரும், ஆடியில் பூக்கும், தேன்சிட்டு தேடி வரும். பால்கனிக்குப் புதிதாக ஒன்று வாங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். சோறு வேண்டும் என்றால் மட்டும் சோற்றுக் கற்றாழை.

ஒரு நல்ல விஷயம், இங்கே காட்டிலிருந்து பெயர்த்து வந்த செடி எதுவும் இல்லை. சோற்றுக் கற்றாழையைத் தவிர மற்ற அலோ இனங்கள் எல்லாம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. இந்த மாகாணத்திலும் காட்டுச் செடியைத் தோண்ட அனுமதி வேண்டும். தாத்தா விதைத் தட்டுகளைக் காட்டினார். நகத்தளவு முளைகள், மணலில் வரிசையாக. சாலையோரத்தில் வேரில் செம்மண் ஒட்டிய பெரிய கற்றாழையை யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள்.

பூச்சி விஷயத்தில் இவர்கள் கவனம் போதாது. அவர் பொறுப்பேற்ற சாவு அதனால்தான். மடலின் அடிப்பக்கத்தில் தேங்காய்த்துருவல் சிந்தியதுபோல் வெள்ளையாக ஒட்டியிருந்த செதில் பூச்சியை வாங்கும்போது நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. பழைய பல்துலக்கியைச் சோப்பு நீரில் தோய்த்துத் தேய்த்து எடுக்கலாம், தொடக்கத்திலேயே கண்டுகொண்டால். எனக்குக் கண்ணில் பட்டபோது குருத்துவரை போயிருந்தது. அடுத்த சனிக்கிழமை செடியைக் கொண்டுபோய்க் காட்டினேன். பேச்சில்லாமல் வேறொன்று தந்தார், பழையதை உரக்குழியில் போடாமல் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினார். ரசீது கொடுக்காத கடையில் அந்த மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் வாங்கும் முன் ஒவ்வொரு மடலையும் திருப்பிப் பாருங்கள். புதுச் செடியை வீட்டில் மற்றவற்றோடு சேர்க்காமல் மூன்று வாரம் தனியே வையுங்கள்.

பக்கக்கன்றுகளைப் பிரித்துத் தரும் வேலையை ஆயா செய்கிறார், அதற்குக் காசு வாங்குவதில்லை. நம் வீட்டுத் தாய்ச்செடியைத் தொட்டியோடு கொண்டுபோனால், உள்ளங்கை நீளம் வளர்ந்த கன்றுகளை மட்டும் கத்தியால் பிரித்து, வெட்டுவாயில் சாம்பல் தொட்டு, செய்தித்தாளில் சுற்றித் தருவார். மூன்று நான்கு நாள் நிழலில் வெட்டுவாய் காயவிட்டு, உலர்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்து முதல் நீர். இந்த வரிசையை இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் கன்றைக் கையில் தருவார்.

விலை நியாயம். சிறிய செடி 40 ரேண்ட், ஒரு சாண் வாயுள்ள மண்தொட்டியோடு வளர்ந்த செடி 150 ரேண்ட், பத்துக் கிலோ கலவை 60 ரேண்ட். கலவை மாதத்துக்கு மாதம் சற்று மாறும். கடந்த முறை மணல் மிக நைசாக இருந்ததால் வீட்டில் இன்னொரு பங்கு செங்கல் சேர்த்தேன். அட்டை எடுக்க மாட்டார்கள், ரொக்கம் மட்டும், அதுவும் சில்லறையாக இருந்தால் ஆயாவுக்குக் கோபம் வராது. காலை ஏழரைக்குத் திறந்து, வெயில் ஏறும் முன், பத்தரைக்கெல்லாம் கதவைச் சாத்திவிடுகிறார்கள். தெரு செங்குத்தான சரிவு. வண்டியை மேலே நிறுத்திவிட்டு நடந்து இறங்குங்கள். திரும்பும்போது தொட்டியைச் சுமந்து ஏற வேண்டியிருக்கும் என்பதால் ஒரு முறைக்கு இரண்டுக்கு மேல் வாங்காதீர்கள். வண்டியின் பின்னிருக்கையில் விரிக்கப் பழைய போர்வை ஒன்று கொண்டுபோங்கள். அலோ ஃபெராக்ஸின் முள் என் இருக்கை உறையில் போட்ட மூன்று கோடுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.